வெண்புள்ளி: பயம் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்



பிள்ளையின் கையிலோ உதட்டோரத்திலோ ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால், "இது குஷ்டமோ?" என்று வீடே பதறுகிறது. "இனி நிக்காஹ் எப்படி நடக்கும்?" என்பது அடுத்த கவலை. இந்தப் பயத்தில் பலர் புள்ளியை மறைத்துவைத்து, சிகிச்சைக்கு ஏற்ற ஆரம்பக் காலத்தை இழந்துவிடுகிறார்கள்.

பெயரால் வந்த குழப்பம்

அரபியில் ‘பரஸ்’ என்பது வெண்மை படரும் நோய்; ‘ஜுதாம்’ என்பது தொழுநோய். இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள். தமிழில் ‘வெண்குஷ்டம்’ என்று சொல்லிச் சொல்லியே இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். அந்தச் சொல்லை விட்டு ‘வெண்புள்ளிகள்’ என்றே குறிப்பிட வேண்டும் என்று தமிழக அரசு 2010-ஆம் ஆண்டு ஆணையிட்டது.

என்ன நடக்கிறது?

தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதை உண்டாக்கும் செல்களை உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே தவறுதலாக அழிக்கும்போது அந்த இடம் வெளுக்கிறது. இதில் கிருமி இல்லை, ஆகவே தொற்றாது. ஒரே சஹனில் சேர்ந்து சாப்பிடலாம், முஸாபஹா செய்யலாம், குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம். மீனும் பாலும் சேர்த்து உண்டதால் வந்தது என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை.

வேறுபாடு அறிய

1. வெண்புள்ளி: பால் போன்ற வெண்மை. தொடு உணர்ச்சி மாறாது. செதில் இருக்காது.

2. தேமல்: பூஞ்சையால் வருவது. நெஞ்சு, முதுகு, கழுத்தில் மெல்லிய செதிலோடு தெரியும். மருந்தில் தீரும்.

3. தொழுநோய்: மங்கிய அல்லது சிவந்த படை. அங்கே உணர்ச்சி குறையும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கூட்டு மருந்து இலவசம். வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதங்கள் சாப்பிட்டால் குணமாகும்.

எதுவானாலும் வீட்டில் முடிவு கட்டாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே காட்டலாம்.

சிகிச்சை

களிம்பு, புற ஊதா ஒளிச் சிகிச்சை, பரவாமல் நின்ற புள்ளிகளுக்குத் தோல் ஒட்டு முறை ஆகியவை உள்ளன. முகத்தில் நிறம் திரும்ப வாய்ப்பு அதிகம். விரல் நுனியிலும் உதட்டிலும் கடினம். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். சிலருக்குத் தைராய்டு கோளாறும் சேர்ந்து வருவதால் இரத்தப் பரிசோதனை நல்லது. கார்போக அரிசியை அரைத்துப் பூசி வெயிலில் நின்றால் தோல் வெந்து கொப்பளிக்கலாம். உப்பளத்திலும் படகிலும் வேலை செய்வோர் வெளுத்த இடத்தைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். அங்கே வெயில் எளிதில் சுடும்.

நிக்காஹ் பேசும்போது

பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல்தான். ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. எனவே மறைக்காமல் சொல்லுங்கள். கேட்பவர்களும் அதைக் காரணமாக்கிச் சம்பந்தத்தைத் தட்டிவிடாதீர்கள்.

உவைஸுல் கர்னீ (ரஹ்) அவர்களுக்கு பரஸ் இருந்தது. ஒரு திர்ஹம் அளவு தவிர மற்றவை குணமாயின என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. அவரைக் கண்டால் தமக்காகப் பாவமன்னிப்புத் தேடும்படி கேட்குமாறு உமர் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருந்தார்கள். அத்தகைய நல்லடியாரின் உடலில் இருந்த அடையாளத்தை நம் வீட்டுப் பிள்ளையிடம் கண்டால் முகம் சுளிக்கலாமா?

அல்லாஹ் நோயுற்ற அனைவருக்கும் ஷிஃபாவையும், நமக்கு நல்ல புரிதலையும் தருவானாக. ஆமீன்.