நார்ச்சத்துப் பொடி: வாங்குமுன் படியுங்கள்

மலச்சிக்கலுக்கு மருத்துவர் எழுதித் தரும் நார்ச்சத்துப் பொடிகள் பலவற்றின் மூலப்பொருள் இசப்கோல் விதையின் உமி. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் மிகுதியாக விளைவது. இவ்வுமி செரிப்பதில்லை, குடலில் நீரை உறிஞ்சிக் கூழாகி மலத்தை இளக்குகிறது.

டப்பாவின் முன்புறப் படத்தைவிடப் பின்புறச் சிற்றெழுத்துகளே முக்கியம். ஆரஞ்சுச் சுவையூட்டிய பொடிகள் சிலவற்றில் உமியைக் காட்டிலும் சர்க்கரையே மிகுதி. நீரிழிவு உடையோர், ஒரு வேளை அளவில் உமி எத்தனை கிராம், சர்க்கரை எத்தனை கிராம் எனப் பார்த்து வாங்க வேண்டும். ‘சென்னா’ என்று அச்சிட்டிருந்தால் அது நம் நிலாவாரைதான். நார் அன்று, குடலைத் தூண்டும் பேதி மருந்து. மருத்துவர் கூறாமல் நாள்தோறும் உட்கொள்ளத் தக்கதன்று.

பொடியை ஒரு பெரிய தம்ளர், ஏறத்தாழ 240 மி.லி., நீரில் கலந்து, கெட்டியாகுமுன் குடித்துவிட வேண்டும். உலர்ந்த பொடியை வாயிலிட்டு ஒரு மிடறு நீர் பருகும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது தொண்டையிலேயே உப்பி மூச்சை அடைக்கக்கூடும். ஆகவே, பக்கவாதத்தால் விழுங்கச் சிரமப்படுவோருக்கு வீட்டார் இதனைத் தாமாகக் கொடுத்தல் கூடாது. வயிற்றுவலியும் வாந்தியும் உள்ளபோதும் அவ்வாறே. குடல் அடைப்பாக இருக்கலாம்.

பிற மாத்திரைகளுக்கும் இதற்கும் 2 மணி நேர இடைவெளி தேவை. பயன் தெரிய 12 மணி நேரம் முதல் 3 நாள் வரை ஆகலாம். மறுநாளே அளவைக் கூட்ட வேண்டாம்.