வாக்குக் கேட்டு வருபவரிடம் வாங்க வேண்டிய கையெழுத்து

உள்ளாட்சித் தேர்தல் வந்தால் வேட்பாளர் முதலில் ஏறுவது நம் கடைப்படிதான். கல்லாவின் முன் நின்று கும்பிடுவார். நாமும் ஒரு சோடா கொடுத்து, "சாக்கடையைக் கவனியுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். 2022 பிப்ரவரி 19 அன்று தமிழ்நாட்டில் 21 மாநகராட்சி, 138 நகராட்சி, ஏறத்தாழ 490 பேரூராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தபோதும் இப்படித்தான் செய்தோம். சாக்கடை வேலையின் டெண்டர் யார் கைக்குப் போகும் என்று கேட்கவில்லை.

மன்றத்தின் ஒப்பந்தத்தில் பங்கு வைத்திருக்கும் உறுப்பினர் பதவி இழப்பார் என்பது 1920-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்திலேயே இருந்த விதி. ஆனால் மைத்துனர் பேரில் எடுத்தால்? கடைப் பையன் பேரில் எடுத்தால்? ஆகவே நாம் எழுதி வாங்க வேண்டியது இதுதான்: தாமும் தம் நெருங்கிய உறவினரும் ஒப்பந்தமோ, சந்தைக் குத்தகையோ, நகராட்சிக் கடையோ எடுப்பதில்லை; உறவினர் சம்பந்தப்பட்ட பொருள் மன்றத்துக்கு வந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விடுவார்.

வேட்பு மனுவோடு தரும் சொத்து விவரத்தை ஆண்டுதோறும் புதுப்பித்துத் தரவும் கேட்போம். வார்டு வேலைகளின் தொகையும் ஒப்பந்தக்காரர் பெயரும் பலகையில் எழுதப்பட வேண்டும். நாம் விலைப் பட்டியல் மாட்டவில்லையா? 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். பல விவரங்களைக் கேட்காமலே வெளியிட வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

இதைச் சங்கக் கூட்டத்தில் பேசியபோது மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "லைசென்ஸைத் தரகர் மூலம் புதுப்பிக்கிறோம், நடைபாதையில் மூட்டை அடுக்குகிறோம். எந்த முகத்தோடு அவரிடம் கையெழுத்துக் கேட்பது?" சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அவர் கேட்டது நியாயம். தரகருக்குக் கொடுப்பதையும் நாம் துவரம் பருப்பு விலையில்தானே ஏற்றுகிறோம்!

எனவே படிவத்தின் கீழ்ப்பாதி நமக்கு. ரசீது இல்லாமல் எந்தக் கட்சிக்கும் நன்கொடை தருவதில்லை, உரிமத்துக்குத் தரகரை நாடுவதில்லை என்று முதலில் நாம் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகே வேட்பாளரிடம் நீட்ட வேண்டும்.

இது புரோநோட்டு அல்ல, கோர்ட்டில் செல்லாது. ஆனாலும் கட்சி பாராமல் வார்டின் எல்லா வேட்பாளரிடமும் கேளுங்கள். கையெழுத்திட்ட படிவத்தின் ஒரு பிரதி சங்க அறிவிப்புப் பலகையில் ஐந்தாண்டும் இருக்கும். மறுத்தவர் பெயரையும் அங்கேயே எழுதி வைப்போம்.