கயிலைக்கு வழி

பல்லவர் தலைநகராய் விளங்கிய காஞ்சிமாநகரின் மேற்றிசையில் கயிலாசநாதர் திருக்கோயில் உள்ளது. இராசசிம்மன் எனப்பெறும் இரண்டாம் நரசிம்மவர்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த கற்றளி அது. கருவறையைச் சுற்றிவர விழைவோர் குறுகிய வாயிலொன்றில் தவழ்ந்தே நுழைதல் வேண்டும். இவ்வாறு வலம்வரும் அன்பருட் சிலர்க்கு, வடதிசைக் கயிலையையே வலம்வரும் வேட்கை எழுவதுண்டு. பகலெல்லாம் குழித்தறியில் அமர்ந்து பட்டு நெய்யும் நெசவாளரும் அவருள் அடங்குவர். அவர்முன் நிற்கும் முதல் வினா, எவ்வழியே செல்வது என்பது.

திபெத்திலுள்ள கயிலை மலை ஏறத்தாழ 6,600 மீட்டர் உயரமுடையது. அதன் முடிமேல் ஏறுவார் இலர். அடிவாரத்தை வலம்வருதலே மரபு. அவ்வலம் சுமார் 52 கிலோமீட்டர். மூன்று நாள் நடை. இரண்டாம் நாள் கடக்கும் தோல்மா கணவாய் 5,600 மீட்டரினும் உயர்ந்தது. அங்குக் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதிற் பாதியே. காஞ்சியோ கடல்மட்டத்தினின்று நூறு மீட்டர் உயரமும் இல்லாத சமவெளி ஊர்.

இந்திய அரசு நடத்தும் யாத்திரைக்கு வழிகள் இரண்டு. உத்தராகண்டத்தின் இலிபுலேக் கணவாய் வழி 1981 இல் மீளத் திறக்கப்பெற்றது. சிக்கிமின் நாதுலா வழி 2015 இல் தொடங்கிற்று. 2020 முதல் ஐந்தாண்டுகள் தடைப்பட்டிருந்த யாத்திரை 2025 இல் மீண்டும் நடைபெற்றது. இவையன்றி, நேபாளத்தின் வழியாகத் தனியார் அழைத்துச் செல்வதும் உண்டு. சமவெளியிலுள்ள நேபாளகஞ்சில் சிறு வானூர்தி ஏறிச் சிமிகோட்டில் இறங்கி, அங்கிருந்து ஹெலிகாப்டரில் 3,600 மீட்டர் உயரத்து ஹில்சாவை அடைவர். நாள் மிகக் குறைவு.

நாள் குறைந்த வழியே நல்வழி எனக் கருதுவது பலர் இயல்பு. இடர் பிறப்பதும் அங்கேதான். மெலிந்த காற்றுக்கு உடல் மெல்ல மெல்லவே பழகும். 3,000 மீட்டருக்கு மேல், இரவில் உறங்கும் இடத்தின் உயரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மீட்டரினும் மிகாமை நலம் என்பர் மருத்துவர். விரைந்து ஏறினார்க்குத் தலைவலி, குமட்டல், உறக்கமின்மை ஆகியவை தோன்றும். முற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும், மூளை வீங்கும், உயிரும் போகும். உடல்வலிமை இதற்குக் காப்பன்று. கட்டிளங்காளையர் வீழ, நிதானமாய் நடந்த முதியவர் நலமே மீள்தல் உண்டு.

இலிபுலேக் வழியில் முன்னாளில் பல நாள் நடக்க வேண்டியிருந்தது. அந்நடை கொடிது. 1998 ஆகஸ்டில் மால்பா என்னுமிடத்தில் மலை சரிந்து இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருட் கயிலை யாத்திரிகர் 60 பேர். ஆயினும் அந்நடையே உடலை உயரத்திற்குப் பழக்கும் மருந்தாகவும் இருந்தது. இன்று இருவழியிலும் ஊர்திகள் செல்கின்றன. ஊர்தி கெடுத்ததை ஓய்வு ஈடுசெய்ய வேண்டும். அதனாற்றான் ஒரு வழியில் குஞ்சியிலும், மற்றொன்றில் காங்டாக்கிற்கு மேலுள்ள இடங்களிலும் யாத்திரிகரைத் தங்கவைக்கின்றனர். டில்லியில் மருத்துவச் சோதனை முடிந்த பின்னரும், மலைமேல் மறுமுறை சோதிப்பர். தகுதி குன்றியவரைத் திருப்பி அனுப்புவர். இலக்கை நெருங்கிய பின் திரும்புவது எத்துணைத் துயரம்! எனினும், 'திரும்புக' என்று சொல்லத் துணியாதவனை வழிகாட்டி என்றல் பொருந்தாது. எத்தனை நாளிற் கொண்டுசேர்ப்பீர் என்பதினும், எங்கெங்கு எத்தனை இரவு தங்கவைப்பீர், நோயுற்றாரை எவ்வாறு கீழிறக்குவீர் என்பனவே அவனிடம் கேட்கத் தக்கவை.

திருநாவுக்கரசர் உடன்வந்தாரைக் காசியில் விடுத்துத் தனியே கயிலை நோக்கி நடந்ததைச் சேக்கிழார் விரித்துரைக்கின்றார். கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பும் தேய்ந்தபோது முனிவர் வடிவில் வந்த இறைவன், மீண்டு செல்லுமாறு பணித்தான். கயிலைக் காட்சி அவர்க்குத் திருவையாற்றில் கிட்டிற்று.

தோல்மாவைக் கடக்குமுன் யாத்திரிகர் இரவு தங்கும் இடம் திராபுக்கு. கயிலையின் வடமுகம் அங்கிருந்து மிக அண்மையில் தோன்றும். தலைவலியும் மூச்சுத் திணறலும் உற்றோர் மறுநாட்காலை அதனைக் கண்டு தொழுது, வந்த வழியே தார்ச்சேனுக்கு இறங்குவர்.