துன்னமும் தையலும்

துணியை ஊசியால் இணைக்கும் தொழிலைப் பழந்தமிழர் 'துன்னம்' என்றனர். புகார் நகரத் தொழிலாளரிடையே துன்னகாரரையும் சிலப்பதிகாரம் காட்டுகிறது. 'தையல்' என்னும் சொல் பெண்ணையும் குறிக்கும். எனினும் கடைத்தெருத் தையல் இயந்திரங்களை நெடுங்காலம் மிதித்தவர் பெரும்பாலும் ஆடவரே.

பரளச்சியைச் சூழ்ந்தது கரிசல் நிலம். மானாவாரிப் பருத்திக்கு ஏற்ற மண். அருகிலுள்ள அருப்புக்கோட்டையோ நெசவுக்குப் பெயர்பெற்றது. ஆயினும், பருத்தி எடுத்த கைகளுக்குத் தம் ஆடையைத் தாமே தைக்கும் பயிற்சி எளிதில் வாய்க்கவில்லை.

புதிதாகக் கற்பவள் அஞ்சுவது ஊசிக்கன்று, கத்தரிக்கோலுக்கே. தையல் பிழைத்தால் பிரித்துவிடலாம். வெட்டு பிழைத்தால் துணி மீளாது. ஆகவே, செய்தித்தாளிலும் பழஞ்சேலையிலும் வெட்டிப் பழகிய பின்னரே புதுத்துணியைத் தொடுகிறாள். பருத்தித்துணி முதல் நனைப்பில் சுருங்குமாதலின், நனைத்து உலர்த்திய பின்னரே வெட்டுதல் வேண்டும். பாவு நூல் உடலின் நெடுக்குவாட்டில் அமைய வேண்டும். சாய்ந்தால் ஆடை திருகிக்கொள்ளும். தையலுக்கென விளிம்பில் 2 செ.மீ. விடுதல் நலம். அதை மறந்தவளின் முதற்சட்டை பெரும்பாலும் தங்கைக்கே போய்ச் சேரும்!

சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின்வழித் தமிழக அரசு, கைம்பெண்கள் உள்ளிட்ட ஏழை மகளிர்க்கு விலையில்லாத் தையல் இயந்திரம் வழங்குகிறது. அது வருவாய்க்கு வழி. தனக்கெனத் தைப்பதில் வேறொரு பயனும் உண்டு. கடையில் விற்கும் பெண்கள் ஆடைகளில் பை அமைவது அரிது. தானே தைப்பவள் பக்கத்தையலில் கையளவுப் பை ஒன்றை வைத்துக்கொள்கிறாள். சில்லறைக் காசும் வீட்டுச் சாவியும் இனிக் கைக்குட்டை முடிச்சில் இல்லை.