வாடகைக் கட்டிடத்தில் ஏர்கோனும் வெந்நீரும்



ஈப்போவில் கடை வைத்திருக்கும் நம்மவர்களில் பலர், கீழே வியாபாரமும் மேலே வாடகை அறையுமாக இருப்பவர்கள். சிலர் வாடகை வாங்குகிறோம், சிலர் கொடுக்கிறோம், நானோ இரண்டும் செய்கிறேன். ஏர்கோன் கெட்டுப்போனால் பணம் யார் கொடுப்பது என்ற ஒரு கேள்வி எத்தனை சிநேகத்தை முறித்திருக்கிறது என்பது யாவரும் அறிந்ததே.

எனக்கு நேர்ந்ததையே முதலில் சொல்கிறேன். மேல்மாடி அறையின் ஏர்கோனிலிருந்து தண்ணீர் ஒழுகி, கீழே அடுக்கியிருந்த துணி மூட்டைகள் நனைந்துவிட்டன. குடியிருந்த வாலிபர்மீது பழி போட்டு, அவருடைய முன்பணத்தைப் பிடித்துக்கொண்டேன். பிறகு வந்த மெக்கானிக் கழிவு நீர்க் குழாயைக் கழற்றிக் காட்டினார். பல வருஷத்து அழுக்கு அதில் இறுகிக் கிடந்தது. அந்த வாலிபர் குடிவந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது! மறுநாளே தேடிப் போய்ப் பணத்தைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. முன்பணம் நம் பணமன்று, அமானிதம் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

ஏர்கோன் குளிரை உண்டாக்குவதில்லை. அறையிலுள்ள உஷ்ணத்தையும் ஈரத்தையும் எடுத்து வெளியே தள்ளுகிறது. 1902-இல் அமெரிக்காவில் வில்லிஸ் கேரியர் என்பவர் இதை அமைத்ததே, ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தால் கெடாமலிருக்கத்தான். அந்த ஈரமே தண்ணீராகக் குழாய்வழி வடிகிறது. ஆகவே சல்லடையை மாதம் ஒருமுறையாவது கழுவ வேண்டும். குழாய் அடைபடாமலும் பார்க்க வேண்டும்.

நம் பழைய கடைவீடுகள் நீண்டு ஒடுங்கியவை. நடுவே திறந்த முற்றம் வைத்தார்கள். காற்று வரவும் உஷ்ணம் மேலே போகவும் அது வழி. அதைத் தகரத்தால் மூடிவிட்டு, அதற்குள்ளேயே ஏர்கோனின் வெளிப்பெட்டியையும் வைத்தால், வெளியேறிய உஷ்ணம் திரும்ப வீட்டுக்குள்தான் வரும். அஞ்சடியில் வைத்தால் நடந்து போகிறவர் முகத்தில் அடிக்கும். வெளிப்பெட்டிக்குத் திறந்த வெளி வேண்டும்.

சுமார் 150 சதுர அடி அறைக்கு 1 குதிரைத்திறன் போதும். தகரக் கூரையின் நேர்கீழே உள்ள அறைக்கும், பழைய தோட்டத்து லயத்து வீட்டுக்கும் அது பற்றாது. முதலில் கூரைக்கடியில் உஷ்ணத் தடுப்பு போடுவதே லாபம். 1 குதிரைத்திறன் ஏர்கோன் மணிக்கு ஏறத்தாழ முக்கால் யூனிட் மின்சாரம் எடுக்கும் என்று வைத்தால், இரவுக்கு 8 மணி நேரமாக மாதம் 180 யூனிட் ஆகிறது. 24 பாகையில் வைத்தால் செலவு குறையும்.

"கேஸ் குறைந்துவிட்டது, நிரப்ப வேண்டும்" என்று அடிக்கடி சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். கேஸ் எண்ணெய்போல் எரிந்து தீர்வதன்று. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஓட்டையை அடைக்காமல் நிரப்புவது வீண்.

குளியலறை வெந்நீர்ச் சாதனமோ உயிர் சம்பந்தப்பட்டது. அதற்கு எர்த் கம்பியும், 10 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் தனி விசையும் அவசியம். அந்த விசையின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விசை விழாவிட்டால், மின் பணியாளர் வந்து சரிசெய்யும்வரை ஒருவரும் அதில் குளிக்கக் கூடாது. இந்தச் செலவு கட்டிடக்காரருடையதே. இதில் சிக்கனம் பாவம்.

மற்றச் செலவு யாருடையது? எனக்கு நியாயமாகப் படும் பங்கீடு இது: சாதனம், கம்பி, குழாய், மூப்பினால் வரும் பழுது ஆகியவை கட்டிடக்காரருக்கு, மின்கட்டணம், சல்லடை கழுவுதல், கவனக்குறைவால் வந்த சேதம் ஆகியவை வாடகைக்காரருக்கு. வருடாந்திரச் சுத்தம் யாருக்கு என்பதை முன்கூட்டியே பேசி எழுதுங்கள். வாடகைக்காரர் தம் பணத்தில் மாட்டிய ஏர்கோனைப் போகும்போது எடுத்துச் செல்லலாமா, சுவர்த் துவாரத்தை யார் அடைப்பது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

1966-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997-இல் ரத்தானபின், பழைய கட்டிடங்களுக்கும் இருதரப்பும் பேசிக்கொண்டதே வாடகையாகிவிட்டது. அதனால் ஒப்பந்தத்தின் எழுத்துக்கு மதிப்பு கூடியிருக்கிறது. முத்திரைத் தீர்வை கட்டி, சாவி கொடுக்கும் நாளில் ஏர்கோனை ஓடவிட்டு, இருவரும் பார்த்துக் கையெழுத்திடுங்கள். படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அரைமணி நேர வேலைதான். நான் அதைச் செய்திருந்தால், இன்று அந்த வாலிபர் என் கடை வாசலில் நின்று ஸலாம் சொல்லிவிட்டுப் போவார்.