காட்டு வேலைக்கு ஏற்ற தோல் பூட்ஸ்: பார்த்து வாங்கும் முறை

எருது வாங்கப் புறப்படும் குடியானவர் பல்லைப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார். அவரே தம் காலுக்கு வேண்டிய பூட்ஸை வாங்கும்போது மினுமினுப்பை மட்டும் கண்டு பணத்தைக் கொடுத்துவிடுகிறார். பலர் அதுவும் வாங்குவதில்லை. வெறுங்காலுடனோ ரப்பர்ச் செருப்புடனோ காட்டில் இறங்கிவிடுகின்றனர். இதனால் விளையும் தீங்கு சிறிதன்று.

காங்கயம், தாராபுரம், மூலனூர், வெள்ளக்கோவில் பகுதிகளிலுள்ள கொறங்காடுகளை நாம் அறிவோம். கொழுக்கட்டைப் புல்லும், வெள்வேல மரமும், கிளுவை வேலியும் நிறைந்த அம்மேய்ச்சல் நிலங்களே காங்கயம் மாட்டினத்தைப் போஷிப்பவை. அங்கே உதிர்ந்து கிடக்கும் வேல முள் மெல்லிய செருப்பைத் துளைத்து ஏறும். புல்லடியிலும் கல்லிடுக்கிலும் சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் தங்கும். 2020-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, 2000 முதல் 2019 முடிய இருபது ஆண்டுகளில் இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டனர். அஃதாவது ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 பேர். அவர்களுள் மிகுதியானவர் கிராமவாசிகள். கடிகளில் பெரும்பகுதி பாதத்திலும் கணுக்காலிலும் கெண்டைக்காலிலுமே படுகின்றது. ஆகையால், காலை மூடும் நல்ல பூட்ஸ் ஆடம்பரப் பொருளன்று. கலப்பையைப் போல் அதுவும் ஒரு விவசாயக் கருவியே.

எவ்வகை பூட்ஸ் வேண்டும்?

அமெரிக்காவில் டெக்ஸாஸ் முதலிய பிரதேசங்களில் குதிரை மீதேறி மாடு மேய்ப்போர் அணியும் நீண்ட பூட்ஸைப் படங்களில் பலர் பார்த்திருக்கலாம். அதன் உயர்ந்த தண்டு முட்செடியிலிருந்து காலைக் காப்பது. கூர்மையான முனை அங்கவடிக்குள் எளிதில் நுழைவதற்கும், உயர்ந்த குதிகால் அதிலிருந்து கால் வழுவி உள்ளே போகாதிருப்பதற்கும் ஏற்பட்டவை. நாம் குதிரையேறி மாடு மேய்ப்பதில்லை. எனவே உயர்ந்த தண்டை மட்டும் அதனிடமிருந்து எடுத்துக்கொண்டு, கூர்முனையையும் உயர்குதிகாலையும் விட்டுவிடுதல் வேண்டும். அகன்ற முனையும், ஓர் அங்குலத்துக்கு மேற்படாத குதிகாலும், கணுக்காலுக்கு மேல் நன்கு ஏறிய தண்டும் உடையதே நம் காட்டுக்கு ஏற்றது. சேறும் நீரும் நிற்கும் நெல் வயலுக்குத் தோல் பூட்ஸ் உதவாது. அங்கே முழங்கால் வரையுள்ள ரப்பர் பூட்ஸே தகும்.

புதிதாக வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

(1) தோல்: வெட்டிய ஓரத்தை முதலில் பாருங்கள். அசல் தோலின் ஓரத்தில் நார் நாராகத் தெரியும். ரெக்ஸினின் ஓரத்தில் துணியும், அதன்மேல் பிளாஸ்டிக் ஏடும் தெரியும். மேற்புறம் பிளாஸ்டிக் பூசிய பிளவுத் தோலும் உண்டு. தோலின் வலுவான மேல் அடுக்கு நீக்கப்பட்டதாகையால் அது நெடுநாள் உழைக்காது. கட்டைவிரலால் அழுத்தினால் நல்ல தோலில் மெல்லிய சுருக்கங்கள் தோன்றி மறையும். மடக்கிய இடத்தில் பூச்சு வெடிக்குமாயின் அதனை விட்டுவிடுக.

(2) பதனிட்ட விதம்: ஆவாரம் பட்டை, வேலம் பட்டை, கடுக்காய் முதலியவற்றால் பதனிட்ட தோலின் ஓரம் பழுப்பு நிறமாகவும், குரோமிய உப்பால் பதனிட்டதன் ஓரம் பெரும்பாலும் நீலங்கலந்த சாம்பல் நிறமாகவும் இருக்கும். முன்னது கெட்டியானது, அடித்தோலுக்கு நன்று. பின்னது மென்மையானது, ஈரத்தையும் ஓரளவு தாங்கும், மேற்பாகத்துக்கு நன்று.

(3) அடிப்பாகம்: மேற்பாகத்தையும் அடியையும் பசையால் மட்டும் ஒட்டியவை விலை குறைவாயினும், வெயிலிலும் ஈரத்திலும் வாய் பிளந்துவிடும். சுற்றிலும் தோல் பட்டை வைத்து நூலால் தைத்தவை விலை மிகுதியாயினும், அடி தேய்ந்தபின் புது அடி போட்டுக்கொள்ள இடந்தரும். சில பூட்ஸ்களில் தையல் போன்ற கோடு அச்சிட்டிருப்பார்கள். நகத்தால் நெருடிப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும்.

(4) முத்திரை: பாதுகாப்பு பூட்ஸுக்கு இந்திய தர நிர்ணயம் ஐ.எஸ். 15298, தொழிலுக்கான ரப்பர் பூட்ஸுக்கு ஐ.எஸ். 5557. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இவ்வெண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கி, ரசீதும் பெற்றுக்கொள்ள வேண்டும்.

(5) அளவு: காலையில் இருப்பதைவிட மாலையில் பாதம் சற்றுப் பருத்திருக்கும். ஆகையால் மாலையில், வேலைக்கு அணியும் காலுறையுடனேயே போட்டுப் பாருங்கள். இரு கால்களும் ஒத்திருப்பது அரிது. பெரிய காலுக்குப் பொருந்துவதையே கொள்ள வேண்டும். நிற்கும்போது விரல்நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடமிருக்க வேண்டும். "போகப் போகத் தளர்ந்துவிடும்" என்பது அகலத்தில் சிறிது உண்மை. நீளத்தில் ஒருபோதும் உண்மையாகாது.

பழைய பூட்ஸ்

சந்தைகளிலும் நகரத்துப் பழைய பொருள் கடைகளிலும் தைத்த அடியுடைய உறுதியான பூட்ஸ் மலிவாகக் கிடைப்பதுண்டு. மேல்தோல் கெடாமல் அடி மட்டும் தேய்ந்திருந்தால் அது லாபமான சரக்கே. புது அடி போட்டுக்கொள்ளலாம். ஆனால் மடிப்பில் தோல் வெடித்திருந்தாலும், உட்புற அடி உடைந்திருந்தாலும், குதிகால் ஒருபக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தாலும் வாங்கலாகாது. முன்பு அணிந்தவர் நடைக்கு வளைந்த பூட்ஸ் நம் முழங்காலுக்கு நோவைத் தரும். உள்ளே கைவிட்டுப் பூஞ்சணமும் துர்நாற்றமும் உண்டாவென்று பார்ப்பதும் அவசியம்.

அளவெடுத்துச் செய்வித்தல்

1932-ஆம் ஆண்டில் பைக்காரா மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கியது. பின்னர் மின்சார பம்புகள் பெருகும் வரையில், இப்பிரதேசத்துக் கிணறுகளில் தோல் பறி கட்டிய கவலையே நீர் இறைத்தது. அப்பறியைத் தைத்தும் செப்பனிட்டும் நம் பயிரைக் காத்தவர்கள் கிராமத்துத் தோல் தொழிலாளர்களே. அத்தொழில் தெரிந்தவர் இன்றும் அருகிலிருப்பின் அவரிடம் பூட்ஸ் செய்வித்துக்கொள்வது இருவர்க்கும் நன்மை. ஈரோடு, திண்டுக்கல், வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை ஆகியவை தோல் தொழிலுக்குப் பேர்போன ஊர்களாதலால் நல்ல தோலும் கிடைப்பது அரிதன்று.

காகிதத்தின் மீது நின்று இரு பாதங்களையும் சுற்றிக் கோடு போடச் செய்யுங்கள். விரல்மூட்டுச் சுற்றளவு, புறங்காலின் சுற்றளவு, குதிகாலிலிருந்து புறங்கால் வரை சுற்றளவு, கணுக்கால், கெண்டைக்கால் ஆகியவற்றைத் தனித்தனியே குறிக்க வேண்டும். கெண்டைக்காலுக்கும் தண்டுக்கும் இடையே சிறிது இடைவெளி விடச் சொல்லுங்கள். பாம்பு தீண்டினும் பல் தோலைக் கடந்து காலை எட்டுவதை அவ்விடைவெளி அரிதாக்கும். தோலுக்குரிய தொகையை முன்பணமாகவும், கூலியைக் குறைக்காமலும் தாமதிக்காமலும் கொடுப்பது முறை.

காக்கும் முறை

நனைந்த பூட்ஸை அடுப்பருகிலும் கடும் வெயிலிலும் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். உள்ளே பழைய காகிதம் திணித்து நிழலில் உலர்த்துக. மாதம் ஒருமுறை சிறிதளவு ஆமணக்கெண்ணெய் தடவலாம். மிகுந்தால் தோல் தொய்ந்துவிடும். பருத்திக் காலுறையைத் தினந்தோறும் துவைத்து அணிய வேண்டும். காலையில் அணியுமுன் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டுவதை மறக்கலாகாது. தேள் உள்ளே தங்கியிருக்கக் கூடும்.

பூட்ஸ் அபாயத்தைக் குறைக்குமேயன்றி அறவே நீக்காது. பாம்பு தீண்டினால் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் கூடாது. காலை அசையாமல் வைத்து, 108 வண்டியை அழைத்து, விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். 2024-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியுள்ளது என்பதைக் கிராம அதிகாரிகள் ஜனங்களுக்கு எடுத்துரைப்பது நலம்.

நிலச்சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

அந்தியில் தண்ணீர் கட்டுபவரும், புல் அறுப்பவரும், மாடு ஓட்டி வருபவரும் பெரும்பாலும் கூலியாட்களே. பாம்பின் வழியில் முதலில் விழுவது அவர்களுடைய கால். சில வகுப்பினர் செருப்பணிந்து தெருவில் நடக்கலாகாதென்று தடுத்த பழைய கொடுமைக்கு இடமில்லாமல், தீண்டாமையை 1950-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-வது விதி ஒழித்துவிட்டது. ஆயினும் தடையை நீக்கியதனால் மட்டும் காலுக்குப் பூட்ஸ் வந்துவிடுவதில்லை. எருதுக்கு லாடம் அடிக்கக் கணக்குப் பாராத நாம், எருதை ஓட்டுபவர் காலைக் கவனியாதிருப்பது நியாயமாகுமா? தமக்கு ஒரு ஜோடி வாங்கும் தோட்டக்காரர், தம் பண்ணையில் நிலையாக வேலை செய்பவர்களையும் கடைக்கு அழைத்துச் சென்று, அவரவர் காலுக்குப் பொருந்துமாறு ஒவ்வொரு ஜோடி வாங்கித் தருவாராக. அச்செலவு ஒரு மூட்டை உரத்தைப் போல் பண்ணைக் கணக்கில் எழுதத்தக்கது. அதன் பலனோ ஓர் உயிரைக் காப்பதாகவும் இருக்கலாம்.