கரடிப் படமும் கணினிக் கோப்பும்

2002ஆம் ஆண்டில் பல நாட்டுக் கணினிப் பயனர்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்து சேர்ந்தது. கணினியில் ‘ஜே.டி.பி.ஜி.எம்.ஜி.ஆர்.’ என்னும் கோப்பைத் தேட வேண்டும், அதன்மீது சிறு கரடியின் படம் காணப்படும், அது நச்சுநிரல், பதினான்கு நாள் அமைதியாய் இருந்து, பின்னர்க் கணினியைக் கெடுக்கும், தடுப்பு மென்பொருள்களும் அதனைக் கண்டறியா, ஆகவே உடனே நீக்கிவிட்டு நண்பர் அனைவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

தேடியவர்களுள் பலர் அக்கோப்பைக் கண்டனர். கரடியும் இருந்தது! மடலில் கூறியவாறே இருந்தமையால், மடல் முழுவதும் மெய்யென நம்பி நீக்கினர். உண்மையில் அது மைக்ரோசாஃப்ட் நிறுவனமே விண்டோசுடன் சேர்த்து அளித்த கோப்பு. ஜாவா மொழியில் நிரல் எழுதுவோர் பிழை களைய உதவுவது. “உங்கள் வீட்டில் கதவு இருக்கிறதா? அப்படியாயின் திருடன் வந்துவிட்டான்” என்று கூறுவது போன்றதே அம்மடலின் வாதம். முந்தைய ஆண்டில் வேறொரு விண்டோஸ் கோப்பைப் பற்றியும் இதே போன்ற புரளி பரவியது.

நல்வேளையாக, கரடிக் கோப்பு பெரும்பாலோர்க்குத் தேவைப்படாத ஒன்று. அதனை இழந்த கணினிகள் வழக்கம்போல் இயங்கின. எல்லாக் கோப்புகளும் அத்தகையன அல்ல.

இடத்தின் அருமையை மும்பைவாழ் மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தாராவியின் ஒற்றையறை வீடுகளில் பரண்வரை பொருள்கள் நிறைந்திருக்கும். லேமிங்டன் சாலையில் வாங்கிய பழைய கணினியிலும் அதே நெருக்கடிதான். தந்தையின் கடைக் கணக்கு, அக்காளின் கல்லூரிக் கட்டுரை, ஊர்த் திருவிழாப் படங்கள் யாவும் அந்த ஒரே கணினியில் இருக்கும். ‘சி’ வட்டு நிரம்பிச் சிவப்புக் கோடு தோன்றியதும், பெயர் புரியாத கோப்புறைகளின்மீது கண் செல்கிறது.

செம்பூரின் அடுக்குமாடிக் குடியிருப்பில் பம்பு அறை பூட்டியே கிடக்கும். அங்கு எவரும் வசிப்பதில்லை. அதனை இடித்துவிட்டால் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறாது. விண்டோசில் உள்ள ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ என்னும் கோப்புறை அத்தகையது. அதன் அளவு மிகப் பெரிதாகத் தோன்றும். ஒரே கோப்பு இரண்டு இடங்களில் பெயர் பெற்றிருப்பதால் இருமுறை எண்ணப்படுவது அதற்கு ஒரு காரணம். அதனை நீக்கினால் கணினி தொடங்காமலே போகலாம்.

‘விண்டோஸ்.ஓல்டு’ வேறு வகை. புதிய பதிப்பு நிறுவப்பட்டதும் பழைய பதிப்பு அங்கே வைக்கப்படுகிறது. பழையதற்குத் திரும்ப விரும்பாதவர்க்கு அது தேவையில்லை. விண்டோஸ் 10இல் பத்து நாள் கழிந்தபின் தானாகவே நீங்கிவிடும். எண்ணும் எழுத்தும் கலந்த விசித்திரப் பெயருடன் சில கோப்புறைகள் நிற்பதுண்டு. அவை பெரும்பாலும் ஏதேனும் மென்பொருளை நிறுவியபோது எஞ்சியவை. அக்கோப்புறை உருவான நாளைப் பார்த்து, அன்று எது நிறுவப்பட்டது என நினைவுகூர்ந்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

பெயர் அச்சமூட்டுகிறதா என்பது ஒரு சான்றே அன்று. அதனை உருவாக்கியது எது, இன்று பயன்படுத்துவது எது என்பனவே கேட்கத்தக்கவை. விண்டோஸ் உருவாக்கியதை விண்டோசைக் கொண்டே நீக்குதல் நன்று. ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘ஸ்டோரேஜ்’ என்பதன்கீழ் அதற்கான வசதி உண்டு. எதனை நீக்குமுன்னும் கடைக் கணக்கையும் படங்களையும் பென்டிரைவில் படியெடுத்துக்கொள்வது பத்து நிமிட வேலை.

அருஞ்சொற்பொருள்
நச்சுநிரல் – கணினிக்குக் கேடு விளைக்கும் நிரல், வைரஸ்
புரளி – பொய்ச் செய்தி
பரண் – பொருள்களை வைக்கக் கூரையின்கீழ் அமைக்கும் தட்டு

பயிற்சி
1. கரடிக் கோப்பைக் கண்டவர்கள் மடலை நம்பியது ஏன்?
2. பம்பு அறைக்கும் ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ கோப்புறைக்கும் உள்ள ஒப்புமையை எழுதுக.
3. எதனையும் நீக்காமல், வீட்டுக் கணினியில் பெயர் புரியாத கோப்புறை ஒன்றைத் தேர்ந்து, அது உருவான நாளைக் குறித்து வருக.